பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடுவதற்கு முன்...

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பழைய வீடியோ கேசட் வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படிக்கவும்.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "சார், 2004 ஆண்டு விழா கேசட் உங்ககிட்ட இருக்கா? அப்பா அதுல பேசியிருப்பார்." அவன் அப்பா அப்போது எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். காலமாகி நாற்பது நாள்கூட ஆகவில்லை. போட்டோ நிறைய இருக்கிறதாம். குரல் மட்டும் எங்கேயும் இல்லையாம்.

கேசட் இருந்தது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய மினி டிவி கேசட். கேமராவும் ஓடியது. அந்தக் காலத்தில் ஆசைப்பட்டு வாங்கிய எடிட்டிங் கார்டு கம்ப்யூட்டருக்குள் அப்படியே இருந்தது. ஆனால் படம் வரவில்லை.

காரணம் நான்தான். இரண்டு வருடத்துக்கு முன் கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று என் மகனிடம் சொன்னேன். "எக்ஸ்பி எல்லாம் இப்ப பாதுகாப்பு இல்லப்பா" என்று புதிய இயங்குதளம் போட்டுக் கொடுத்தான். அவன் சொன்னதும் சரிதான். அன்றைக்கு நான் கேசட்டை நினைக்கவே இல்லை. கார்டு செய்த நிறுவனம் புதிய இயங்குதளத்துக்கு ட்ரைவர் எழுதவே இல்லை என்பது இப்போதுதான் தெரிந்தது.

வகுப்பில் சொல்வதுபோல் சொல்கிறேன். கார்டு ஒரு பாஷை பேசும், இயங்குதளம் இன்னொரு பாஷை பேசும். நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர்தான் ட்ரைவர். 32 பிட் இயங்குதளத்துக்கு எழுதிய ட்ரைவர் 64 பிட்டில் ஓடாது. நிறுவனம் திரும்ப எழுதித் தந்தால் உண்டு. பொருள் விற்று முடிந்த பிறகு யார் எழுதுவார்கள்? கார்டில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் அது செத்த பொருள்.

பையன் அடுத்த வாரம் வெளியூர் திரும்ப வேண்டும். கடைத்தெருவில் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஞாபகத்துக்கு வந்தார். அவர் கடை மூலையில் துணி போட்டு மூடிய ஒரு எக்ஸ்பி கம்ப்யூட்டர். "பவர் சப்ளை ரெண்டு தடவை மாத்தியாச்சு சார். நெட் மட்டும் குடுக்கல. புதுசா எதையும் ஏத்தவும் இல்ல. ஏத்தியிருந்தா அன்னிக்கே போயிருக்கும்" என்றார்.

ஒரு மணி நேர கேசட்டை ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். மூவரும் உட்கார்ந்து பார்த்தோம். நடுநடுவே கட்டம் கட்டமாக உடைந்தாலும் அவர் பேச்சு பதினோரு நிமிடம் கிடைத்தது. "மேல்நிலை வகுப்புக்கு இன்னும் ரெண்டு ரூம் வேணும்" என்று மைக்கைத் தட்டித் தட்டிப் பேசுகிறார். பையன் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டான். 2002 ஆண்டு விழா கேசட்டும் கொண்டுபோயிருந்தேன். அதில் பூஞ்சை பிடித்துவிட்டது. போனது போனதுதான்.

இதிலிருந்து என் கட்சி இதுதான். இணையத்தில் இருக்கும் கம்ப்யூட்டரைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். கேசட் ஏற்றும் கம்ப்யூட்டரைப் புதுப்பிக்கவே கூடாது. அது தையல் மெஷின் மாதிரி ஒரு கருவி. இணையத்தைத் துண்டித்துவிட்டு அப்படியே வைத்திருக்க வேண்டும்.

"பழசைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள்" என்று சிலர் சொல்வீர்கள். ஆயுள் முழுக்க வைத்திருக்கச் சொல்லவில்லை. கடைசி கேசட் ஏறும்வரை போதும்.

அதற்கும் நாள் குறைந்துகொண்டே வருகிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் வசதி இல்லாத எத்தனையோ கம்ப்யூட்டர்கள் இப்போது எடைக்குப் போகின்றன. ஃபயர்வயர் இணைப்பை உருவாக்கியதில் முக்கியப் பங்கு ஆப்பிளுக்கு. அதே ஆப்பிள் 2025இல் வந்த மேக் ஓஎஸ் டஹோவில் ஃபயர்வயரை நீக்கிவிட்டது.

கேசட் வைத்திருப்பவர்களுக்குச் சில யோசனைகள்:

1. கேமராவில் யுஎஸ்பி இருக்கிறதே என்று நம்பாதீர்கள். பல மினி டிவி கேமராக்களில் அது போட்டோவுக்கு மட்டும்தான். மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் வழியாகவும் ஏற்றலாம், தரம் குறையும். ஃபயர்வயர் கேசட்டில் உள்ளதை உள்ளபடியே தரும்.

2. என்னுடையது போன்ற தனி ரக எடிட்டிங் கார்டுதான் பெரும் தொல்லை. சாதாரண ஃபயர்வயர் கார்டு புதிய விண்டோஸிலும் பெரும்பாலும் ஓடும். லினக்ஸில் டிவிகிராப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

3. பழைய கம்ப்யூட்டர் ஓடும்போதே அதன் ஹார்டு டிஸ்க்கை முழுப் பிரதி எடுத்து வையுங்கள். மதர்போர்டில் உள்ள பொத்தான் பேட்டரியை மாற்றுங்கள். ஃபயர்வயர் வயரை இரண்டு பக்கமும் மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் செருகுங்கள்.

4. ஒரு மணி நேரப் படம் சுமார் 13 ஜிபி வரும். ஃபேட் 32 முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க்கில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக நிற்காது. என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். இரண்டு டிஸ்க்கில் பிரதி வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

5. பூஞ்சை தெரிந்தால் கேமராவில் போடாதீர்கள். ஹெட்டும் கெடும்.

நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பொருளைக் கைவிடுகிறீர்களா, கைவிடுங்கள். ஆனால் அதன் ட்ரைவர் எழுதத் தேவையான விவரங்களைப் பொதுவில் வைத்துவிட்டுப் போங்கள். விருப்பம் உள்ள பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். காசு வாங்கி விற்ற பொருளுக்கு இது நியாயமான கடமை என்றுதான் நினைக்கிறேன்.

என்னிடம் இன்னும் 38 கேசட் இருக்கிறது. கடைத்தம்பி ஞாயிறு மதியம் வரச் சொல்லியிருக்கிறார். வாரம் இரண்டு ஏற்றினால் ஐந்து மாதத்தில் முடிந்துவிடும். அதுவரை அந்த எக்ஸ்பி தாங்க வேண்டும்.

எங்கள் பள்ளிப் பிள்ளைகள் இதைப் படித்தால், எந்த வருட ஆண்டு விழா வேண்டும் என்று கீழே எழுதுங்கள். கேட்பவர்களின் கேசட்டை முதலில் ஏற்றுகிறேன்.