எண்ணோடு அலகையும் சொல்வோம்



பணிமாற்றம் பெற்று இந்த வடமாநில நகருக்கு வந்தபின், சென்ற ஆண்டு தசரா விடுமுறையில்தான் குடும்பத்துடன் முதல் நெடும்பயணம் புறப்பட்டோம். மகிழுந்தின் சக்கரம் ஒன்றில் காற்றுக் குறைந்திருந்தது. புதிதாக வாங்கிய சிறிய காற்றடிக்கும் கருவியை இணைத்தேன். பெட்ரோல் நிலையத்தில் வழக்கமாகச் சொல்லும் 'முப்பத்திரண்டு' என்னும் எண்ணை அதில் பதித்தேன். கருவி ஒரு நொடி உறுமிவிட்டு நின்றது. வேலை முடிந்தது என்று மகிழ்ந்தேன்.

அப்போது என் மகள், "அம்மா, திரையில் 'கே.பி.ஏ.' என்று இருக்கிறதே! நாம் எப்போதும் சொல்வது 'பி.எஸ்.ஐ.' அல்லவா?" என்று கேட்டாள். எனக்குத் திடுக்கிட்டது.

நான் பதித்த எண்ணில் பிழையில்லை. பிழை அலகில் இருந்தது. ஒரு சதுர அங்குலப் பரப்பின்மீது எத்தனை பவுண்டு விசை செயல்படுகிறது என்பதைக் காட்டுவது பி.எஸ்.ஐ. 32 பி.எஸ்.ஐ. என்பது ஏறத்தாழ 220 கிலோபாஸ்கல். 32 கிலோபாஸ்கலோ 5 பி.எஸ்.ஐ.யைக்கூட எட்டாது. அதைவிடக் கூடுதலான அழுத்தம் சக்கரத்தில் ஏற்கெனவே இருந்ததால், 'போதும்' எனக் கருவி நின்றுவிட்டது. காற்றுக் குறைந்த சக்கரம் நெடுஞ்சாலையில் விரைந்து ஓடினால் அளவுக்குமீறி நெளியும், சூடேறும், வெடிக்கவும் கூடும். ஒரு சிறுமியின் கேள்வி எங்களைக் காத்தது.

அன்றுமுதல் என் கருத்து உறுதியானது. அலகு சொல்லப்படாத எண் பாதிச் செய்தியே. எண்ணைச் சொல்பவர் அலகையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓர் அலகிலிருந்து மற்றோர் அலகுக்கு மாற்றிப் பார்க்கும் பழக்கமும் நம் எல்லார்க்கும் வேண்டும்.

அழுத்தம் என்பது ஒன்றுதான்: ஓரலகுப் பரப்பின்மீது செயல்படும் விசை. அப்படியிருக்க, அதை அளக்க ஏன் இத்தனை அலகுகள்? ஒவ்வோர் அலகுக்கும் பின்னால் ஒரு தொழிலின் வரலாறு உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி, காற்றின் அழுத்தம் பாதரசத்தை ஒரு குழாயில் ஏறத்தாழ 760 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தாங்கி நிறுத்துவதைக் காட்டினார். மருத்துவர்கள் இன்றும் இரத்த அழுத்தத்தை மில்லிமீட்டர் பாதரசத்திலேயே சொல்கின்றனர். சக்கரங்களுக்குக் காற்றடிப்போர் பி.எஸ்.ஐ. என்கின்றனர். வானிலை ஆய்வாளர்கள் முன்பு மில்லிபார் என்றனர். இப்போது ஹெக்டோபாஸ்கல் என்கின்றனர். இவ்விரண்டும் அளவில் ஒன்றே. பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலின் பெயர் 1971ஆம் ஆண்டு பன்னாட்டு அலகுக்குச் சூட்டப்பட்டது. ஒரு சதுர மீட்டர்மீது ஒரு நியூட்டன் விசை என்பதே ஒரு பாஸ்கல்.

கடல்மட்டத்தில் காற்றின் திட்ட அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம்; அதுவே 1013.25 ஹெக்டோபாஸ்கல், அதுவே 1.01325 பார், அதுவே ஏறத்தாழ 14.7 பி.எஸ்.ஐ. பெயர்கள் நான்கு, பொருள் ஒன்று.

இது உங்களுக்குப் புதிதன்று. வீட்டில் 'தண்ணீர்' என்கிறீர்கள். வாசலைத் தாண்டியதும் 'பானி' என்கிறீர்கள். வகுப்பறையில் 'வாட்டர்' என்கிறீர்கள். சொல் மாறினாலும் குவளையில் உள்ளது மாறுவதில்லை. எவரிடம் எச்சொல்லைச் சொல்ல வேண்டும் என்பதை நாள்தோறும் அறிந்து மாற்றும் பிள்ளைகள் நீங்கள். அலகு மாற்றமும் அத்தகைய ஒரு மொழிமாற்றமே.

"கைப்பேசி நொடியில் மாற்றித் தருமே, நாம் ஏன் கற்க வேண்டும்?" எனச் சிலர் வினவலாம். கைப்பேசி கணக்கிடும்; உண்மைதான். ஆனால், எந்த அலகிலிருந்து மாற்றுவது என்பதை நாம்தானே சொல்ல வேண்டும்? அங்கே தவறினால் விடையும் தவறும். மேலும், ஓர் அளவு எதிலிருந்து தொடங்குகிறது என்பதும் அறிய வேண்டிய ஒன்று. முற்றிலும் காற்றிறங்கிய சக்கரத்தில் அளவி சுழியத்தைக் காட்டும். ஆனால் உள்ளே வெற்றிடம் இல்லை. வெளிக்காற்றுக்கு இணையான அழுத்தம் உண்டு. அளவி காட்டுவது அதற்கு மேற்பட்ட அழுத்தத்தை மட்டுமே. இரத்த அழுத்தம் 120 என்பதும் அவ்வாறே, வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேற்பட்ட 120 மில்லிமீட்டர் பாதரசம். இதை அறியாதவர், "காற்றின் அழுத்தம் 760 ஆயிற்றே, இரத்தத்தின் அழுத்தம் அதைவிடக் குறைவா?" என்று குழம்புவார்.

வான்பயணத்தில் இக்குழப்பம் உயிருக்கே ஊறு விளைவிக்கும். விமானத்தின் உயரமானி, காற்றழுத்தத்தைக் கொண்டே உயரத்தைக் காட்டுகிறது. தரையிலுள்ள கட்டுப்பாட்டாளர் சொல்லும் அழுத்த அளவை விமானி அதில் பொருத்த வேண்டும். அமெரிக்காவில் அந்த அளவை அங்குலப் பாதரசத்தில் சொல்வர். இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் ஹெக்டோபாஸ்கலில் சொல்வர். '992' என்று ஹெக்டோபாஸ்கலில் சொல்லப்பட்டதை, அங்குலத்துக்குப் பழகிய விமானி '29.92' எனக் கொண்டால் என்ன ஆகும்? 29.92 அங்குலம் என்பது 1013 ஹெக்டோபாஸ்கல். எனவே, உயரமானி காட்டுவதைவிட விமானம் ஏறக்குறைய 580 அடி தாழ்வாகப் பறந்துகொண்டிருக்கும். மூடுபனியில் தரையிறங்கும் விமானத்துக்கு இது சிறிய வேறுபாடா? ஆகவேதான் பிரிட்டனில், இந்த அளவு 1000க்குக் குறைந்தால் 'ஹெக்டோபாஸ்கல்' என்பதையும் உடன் சொல்ல வேண்டும் என்று விதித்துள்ளனர். அவ்விதியை நாம் நம் வீட்டுக்கும் விதியாகக் கொள்ளலாம்.

மனக்கணக்காக மூன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பி.எஸ்.ஐ.யை 7ஆல் பெருக்கினால் ஏறத்தாழக் கிலோபாஸ்கல் கிடைக்கும். பாரை 14.5ஆல் பெருக்கினால் பி.எஸ்.ஐ. கிடைக்கும். மில்லிமீட்டர் பாதரசத்தை 7.5ஆல் வகுத்தால் கிலோபாஸ்கல் கிடைக்கும். கருவி காட்டும் விடை பொருத்தமானதா என்று சரிபார்க்க இவை போதும்.

அடுத்தமுறை உங்கள் தந்தையார் பெட்ரோல் நிலையத்தில் "முப்பத்திரண்டு" என்று சொல்லும்போது, "முப்பத்திரண்டு என்ன அப்பா?" என்று பணிவோடு கேளுங்கள். பெரியவர்களைக் குறுக்கே கேட்கலாமா எனத் தயங்க வேண்டா. என் மகள் தயங்கியிருந்தால் நாங்கள் அந்தச் சக்கரத்தோடுதான் புறப்பட்டிருப்போம்.

சிந்தித்து எழுதுக

1. சமையல் எரிவாயு, மின்சாரம், மருந்து, பால் ஆகியவற்றை உங்கள் வீட்டில் எந்தெந்த அலகால் குறிக்கிறீர்கள்? பட்டியலிடுக.
2. ஒரு காற்றடிக்கும் கருவி 2.4 பார் எனக் காட்டுகிறது. அது ஏறத்தாழ எத்தனை பி.எஸ்.ஐ.?
3. 'உலகம் முழுவதும் ஒரே அலகு போதும்' என்னும் கருத்தை ஏற்கிறீர்களா? காரணம் காட்டி ஐந்து தொடர்களில் எழுதுக.