ஆடும் குழல்

காவிரி டெல்டாப் பக்கம் புழக்கத்தில் இருக்கும் காற்றுத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை குழலை மடக்கி இழுக்கும் வகை. குழலின் நுனியைப் பிடித்துக் கீழே இழுத்தால் அது கீலில் மடங்கும். அதனோடு கோத்திருக்கும் இழுதண்டு பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ள, கனத்த சுருள்வில் நெருங்கிக் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். குழலின் பின்வாயில் ஈயக்குண்டை வைத்து மூடி விசையை அழுத்தினால் பிஸ்டன் முன்னால் பாய்ந்து, சிலிண்டரில் உள்ள காற்றைச் சிறு துளை வழியாகக் குண்டின் முதுகில் தள்ளும். சைக்கிள் பம்பு பல முறை அழுத்திச் செய்யும் வேலையை இது ஒரே அடியில் செய்து முடிக்கிறது. ஜெர்மனியின் ராஸ்டாட் நகரில் பிறந்த டயானா 35 இந்த வகையின் புகழ்பெற்ற மாதிரி. இந்தியாவில் ‘35’ என்ற எண்ணோடு விற்பனைக்கு வந்த துப்பாக்கிகள் அதன் சாயலில் அமைந்தவை.

இந்த அமைப்பில் குழலுக்கு இரட்டை வேலை. குண்டுக்கு வழிகாட்டுவதும் அதுதான், வில்லை நெருக்கும் நெம்புகோலும் அதுதான். குழல் தளர்வதற்குக் காரணம் இந்த இரண்டாவது வேலை. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் திருவிழாவிலோ, திருவாரூர்த் தேரோட்டத்திலோ பலூன் சுடும் கடையில் கிடக்கும் துப்பாக்கியை ஒரு மாலைப் பொழுதில் எத்தனையோ புதுக் கைகள் மடக்குகின்றன. மடக்கிய குழலை உள்ளங்கையால் அடித்து மூடுவதும் வழக்கமாகிவிட்டது. பத்து குண்டுக்கு இரண்டு பலூன் உடைத்தவர், கடைக்காரர் குழலை வளைத்து வைத்திருக்கிறார் என்று முணுமுணுத்தபடி நகர்வார். வளைத்து வைப்பவர்களும் இருக்கலாம். ஆனால் கீல் தேய்ந்த துப்பாக்கியே போதுமான அளவு குறி தப்பும். அதற்குத் தனியாகச் சூழ்ச்சி தேவையில்லை.

குறி தப்புவதும் குண்டு சிதறுவதும் ஒன்றல்ல. பழுது பார்ப்பவர் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். ஒரே இடத்தைக் குறிபார்த்து ஐந்து குண்டு சுட்டால், ஐந்தும் நெருக்கமாக ஆனால் இடப்பக்கம் விழுகின்றன என்றால் குறிகாட்டியைத் திருத்தினால் போதும். ஐந்தும் ஐந்து திசையில் விழுந்தால் எங்கோ ஆட்டம் இருக்கிறது, அல்லது குண்டு சரியில்லை. 45 செ.மீ. குழலின் நுனி ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், 10 மீட்டர் தொலைவில் குண்டு ஏறக்குறைய 22 மி.மீ. விலகும். ஊதிய பலூனுக்கு அது பெரிய விலகல் அல்ல. ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்கின் மொத்த விட்டமே 45.5 மி.மீ.; அதன் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் அங்கே பத்து மதிப்பெண்ணை இரண்டுக்கு இறக்கிவிடும். கடலூரில் பிறந்து 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் போன்றோரின் போட்டித் துப்பாக்கிகளில் குழல் மடங்குவதே இல்லை, அசையாமல் பொருத்தப்பட்டிருக்கிறது.

பின்குறி சிலிண்டரின் மேலும் முன்குறி குழலின் மேலும் இருக்கும் துப்பாக்கியில் கீல் ஆட்டம் முழுவதும் குறியில் தெரியும். இரண்டு குறிகளும் குழலோடு சேர்ந்தே நகரும் அமைப்பில் அந்த ஆட்டம் அவ்வளவாகத் தெரியாது, காற்றுக் கசிவு மட்டும் மிஞ்சும். டெலஸ்கோப் மாட்டியவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது, அது சிலிண்டரின் மேல் உட்கார்ந்திருப்பதால்.

சோதனையைத் தொடங்கும் முன் குழலில் குண்டு இல்லை என்பதையும், வில் நெருக்கப்படவில்லை என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். வில் நெருங்கிய நிலையில் குழல் திறந்திருக்கும்போது விசையில் கை பட்டால் குழல் மின்னல் வேகத்தில் மூடிக்கொள்ளும். விரல் போகலாம், குழல் மேல்நோக்கி வளைந்தும் விடலாம். குறிகாட்டியை எவ்வளவு இறக்கினாலும் மேலேயே சுடும் பழைய துப்பாக்கிகள் பலவற்றுக்குப் பின்னால் இப்படி ஒரு விபத்து இருக்கும்.

சோதனை வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். முதலில், துப்பாக்கியைத் தாங்கும் மரக்கட்டையின் திருகாணிகள். முன்பக்கம் இரு புறமும் ஒவ்வொன்று, விசைக் காப்பின் அருகே ஒன்று அல்லது இரண்டு. குழல் ஆடுகிறது என்று கொண்டுவரப்படும் துப்பாக்கியில் பல நேரம் ஆடுவது குழல் அல்ல, கட்டைதான். சித்திரை வெயிலில் மரம் சுருங்கும், ஐப்பசி மழையில் ஊதும். அதற்கிடையில் ஒவ்வொரு சுடுதலின் உதறலும் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றும். வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால் இரு பக்கமும் மாறி மாறி, சமமாக இறுக்க வேண்டும். சிறிய திருப்புளி தலையைச் சிதைக்கும். மரம் நசுங்கிக் குழி விழுந்திருந்தால் பல்வாஷர் போடலாம். மரை கழலாமல் இருக்க, கழற்ற இடம் தரும் நடுத்தர வகை லாக்டைட் பசை ஒரு சொட்டு போதும். நகப்பூச்சும் அவசரத்துக்குத் தாங்கும்.

கட்டை இறுகிய பின்னும் ஆட்டம் இருந்தால் அடுத்தது கீல். சிலிண்டரின் முன்முனை இரண்டாகப் பிரிந்து கவை போல நிற்கும். குழலைத் தாங்கும் இரும்புக் கட்டி அந்தக் கவைக்குள் அமர்ந்து, குறுக்கே ஒரு போல்ட்டில் சுழலும். இதைச் சோதிக்க அளவுகோல் வேண்டாம். குழலைப் பாதி மடக்கிக் கையை எடுத்தால் விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். தன் பாரத்தில் தொங்கி விழுந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது. மடக்கவே முரண்டு பிடித்தால் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது.

தரமான துப்பாக்கிகளில் கீல் போல்ட்டின் தலை ஓரத்தில் பள்ளங்கள் வெட்டியிருக்கும். பக்கத்தில் ஒரு குட்டித் திருகாணி அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து போல்ட் திரும்பாமல் காக்கும். அதைக் கழற்றிய பிறகு, போல்ட்டை ஒரு பள்ளம் அளவு மட்டும் இறுக்கிச் சோதிக்க வேண்டும். போதாவிட்டால் இன்னொரு பள்ளம். பூட்டுத் திருகாணியைக் கவனிக்காமல் போல்ட்டை முறுக்கி இரண்டையும் பாழாக்குவது பட்டறைகளில் அடிக்கடி நடக்கிறது. சில மலிவான வகைகளில் போல்ட்டே இல்லை, வெறும் ஊசி மட்டும் அடித்திருக்கும். அங்கே இறுக்க எதுவும் இல்லை. லேத்தில் சற்றே தடித்த ஊசி கடைந்து போடுவதுதான் வழி.

இறுக்கியும் பக்கவாட்டு ஆட்டம் போகாவிட்டால் கவைக்கும் கட்டிக்கும் இடையே உள்ள மெல்லிய வாஷர்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். கட்டையைக் கழற்றி, போல்ட்டை உருவி, இழுதண்டை விடுவித்தால் குழல் தனியே வரும். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சிலிண்டரின் பின்பக்கம் விசைத் தொகுதியைத் தொட்டால் கொக்கியில் மாட்டாதபோதும் உள்ளே ஓரளவு நெருங்கியே கிடக்கும் வில் பாய்ந்து வெளியே வரும். புது வாஷரைப் பித்தளைத் தகட்டில் வெட்டலாம். பாத்திரத் தொழில் பெருத்த கும்பகோணத்தில் மெல்லிய பித்தளைத் தகடு கிடைப்பது கஷ்டமே இல்லை. இரு பக்கமும் ஒரே கனத்தில் போட்டால்தான் குழல் நடுவில் நிற்கும். ஒரு பக்கம் மட்டும் கனம் கூட்டினால் ஆட்டம் போகும், ஆனால் குழலின் பின்வாய் காற்றுத் துளையை விட்டு விலகிவிடும். மாட்டும்போது வாஷரிலும் போல்ட்டிலும் மாலிப்டினம் கிரீஸ் மெல்லியதாகத் தடவ வேண்டும்.

மேலும் கீழும் ஆடும் ஆட்டம் வேறு இடத்திலிருந்து வருகிறது. மூடிய குழலைப் பிடித்துவைப்பது வில் தாங்கிய ஓர் உருண்டை அல்லது ஆப்பு. அதன் முகம் தேய்ந்தாலோ, பின்னால் உள்ள சிறு வில் சோர்ந்தாலோ குழல் சரியாகப் பூட்டாது. வில் மலிவு, மாற்றிவிடலாம். ஆப்பை அரத்தால் ராவிச் சரிசெய்ய முயல்வது வேண்டாத வேலை. ராவியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

இதோடு உறவுள்ளது பின்வாய் வாஷர். தோலிலோ ரப்பரிலோ செய்த இந்தச் சிறு வளையம் நசுங்கித் தாழ்ந்துபோனால் காற்று வெளியே கசியும், குழலும் மூடிய நிலையில் லேசாக அசையும். மூட்டின் மேல் மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டை வைத்து, குண்டு போட்டுப் பாதுகாப்பான தடுப்பை நோக்கிச் சுட்டால், காகிதம் பறப்பதிலிருந்து கசிவு தெரிந்துவிடும். குண்டு போடாமல் சுடக் கூடாது. எதிர்க்க அழுத்தம் இல்லாத பிஸ்டன் சிலிண்டர் முகப்பில் மோதி உடையும். தாழ்ந்த வாஷரின் அடியில் கெட்டிக் காகித வளையம் ஒன்றைக் கொடுத்து உயர்த்தலாம். அதிகம் உயர்த்தினால் குழல் பூட்டாது.

குழலே கட்டியிலிருந்து தளர்வதுதான் இவற்றில் பெரிய பழுது. குழலைக் கையால் திருகினால் கட்டி நிற்க, குழல் மட்டும் திரும்பும். பல துப்பாக்கிகளில் குழல் கட்டியின் துளைக்குள் இறுக்கமாக அழுத்திச் செருகப்பட்டிருக்கும். சிலவற்றில் குறுக்கே ஊசியும் இருக்கும். இறுக்கப் பிடியை நம்பி இரும்போடு இரும்பை இணைக்கும் கலை தஞ்சைக்குப் புதிதல்ல. கீழவாசல் பீரங்கி மேட்டில் கிடக்கும், 17ஆம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் காலத்ததாகச் சொல்லப்படும் ஏழு மீட்டருக்கு மேல் நீண்ட பீரங்கி வார்ப்பு இரும்பு அல்ல. நீளவாக்கில் அடுக்கிய இரும்புப் பட்டைகளின் மேல் காய்ச்சிய வளையங்களை ஏற்றி, அவை ஆறிச் சுருங்கும் பிடியில் நிற்கும்படி அடித்து இணைத்தது.

காற்றுத் துப்பாக்கியில் அந்தப் பிடி விட்டுப்போனால் குழலைக் கட்டியிலிருந்து உருவி, இரு முகங்களிலும் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் பெட்ரோலிலோ அசிட்டோனிலோ துடைத்து, உருளைப் பொருத்தங்களுக்கென்றே வரும் லாக்டைட் வகையைத் தடவிச் செருக வேண்டும். முன்குறி செங்குத்தாக நிற்கிறதா என்று அப்போதே பார்த்துவிட வேண்டும். பிடித்த பிறகு திருப்ப முடியாது. ஒரு நாள் முழுக்கக் கை படாமல் வைத்தால் இறுகிவிடும். ஊசி இருந்த இடத்தில் புது ஊசி அடிக்கலாம். வெல்டிங் வைக்கக் கூடாது. ஆட்டம் அன்றைக்கே போய்விடும், உண்மைதான். ஆனால் சூட்டில் குழலின் உட்துளை கோணிவிடும், அதற்குப் பிறகு அந்தத் துப்பாக்கி எதையும் குறிபார்த்துச் சுடாது. தகரத்தைச் சுற்றிச் சொருகுவது அதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான்.

குழலின் நுனியில் உள்ள முன்குறி பள்ளத்தில் சறுக்கி மாட்டியது. குட்டித் திருகாணி ஒன்று பிடித்திருக்கும். சிலவற்றில் நுனிக் குப்பியும் உண்டு. இவை தளர்ந்தால் ஆலன் கீயால் இறுக்கினால் போதும். அற்பமான வேலைதான், ஆனால் பலன் அற்பமல்ல. 2008 ஆகஸ்ட் 11இல் பெய்ஜிங் இறுதிச் சுற்றுக்கு முன் அபினவ் பிந்த்ராவின் துப்பாக்கிக் குறிகாட்டி நிலை மாறிப்போயிருந்தது. முதல் ஒத்திகைக் குண்டுக்கு அவருக்குக் கிடைத்தது 4. நேரத்துக்குள் அதைத் திருத்தி, 700.5 புள்ளிகளோடு இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார்.

டெல்டாவில் தேய்மானத்துக்குத் துணை நிற்பது ஈரம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதிலும் நாகப்பட்டினம் கடலோர உப்புக் காற்றில், கீல் போல்ட் சீக்கிரம் துருவேறும். துரு வாஷரை உப்புத்தாள் போல அரிக்கும். சாக்கில் சுற்றிப் பரணில் போடுவது கெடுதல். சாக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் தொட்ட துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி வைப்பதே நல்லது. அந்த எண்ணெய் காற்றுத் துளைக்குள் போகக் கூடாது. தையல் மிஷின் எண்ணெயோ மண்ணெண்ணெயோ சிலிண்டருக்குள் போனால் காற்று நெருங்கும் சூட்டில் பற்றி வெடிக்கும். சத்தம் பெரிதாகக் கேட்பதால் துப்பாக்கி பலமாகிவிட்டது என்று மகிழ்பவர்கள் உண்டு. அந்த வெடிப்புதான் வாஷரையும் வில்லையும் தின்கிறது.

பழுது முடிந்ததும் பின்னால் மண் மேடோ மணல் மூட்டையோ உள்ள இடத்தில் 10 மீட்டரில் ஐந்து குண்டு சுட்டு, மீண்டும் எல்லாத் திருகாணிகளையும் பார்க்க வேண்டும். சம்பா வயலில் இறங்கும் கொக்கையும் நாரையையும் சோதனை இலக்காக்குவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பழுது பார்க்கும் சாக்கில் கனத்த வில் மாற்றுவதும் சிக்கல். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 0.177 அங்குலக் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்குத்தான் உரிமம் தேவையில்லை.

கவையின் துளை முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் துளையைப் பெருக்கி புஷ் போட்டு இன்னும் பல வருடம் ஓட்டலாம். கவையிலேயே விரிசல் விட்டிருந்தால் அதைப் பழுது பார்க்கக் கூடாது, கழித்துவிட வேண்டும்.