கணவன் எங்கே என்று தெரியாதவள் எந்தக் காரணத்தைச் சொல்வது?

இலங்கையின் பொதுச் சட்டத்தில் விவாகரத்துக்கு மூன்றே காரணங்கள்தான் உண்டு. திருமணத்தின் பின்னரான சோரம், வன்மத்துடன் கைவிட்டுச் செல்லுதல், திருமண வேளையிலேயே இருந்த தீராத பாலியல் இயலாமை. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 19ஆவது பிரிவு இது. தேசவழமை சொத்தைப் பற்றிப் பேசுகிறதே தவிர விவாகரத்தைப் பற்றியல்ல. ஆகவே வடக்குத் தமிழருக்கும் இதுவே சட்டம். கண்டியச் சட்டத்தில் இருப்பதுபோல இருவரும் மனமொத்துப் பிரிய இங்கே வழியில்லை. யாரோ ஒருவர் குற்றவாளியாக வேண்டும்.

ஏழு வருடம் பிரிந்திருந்தால் தானாகவே விவாகரத்துக் கிடைத்துவிடும் என்று எங்கள் ஊர்களில் பலர் நம்புகிறார்கள். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 608ஆவது பிரிவு ஏழு வருடப் பிரிவைச் சொல்வது உண்மைதான். ஆனால் அது நடைமுறை விதி மட்டுமே, குற்றம் நிரூபிக்கப்பட்டேயாக வேண்டும் என்று 1986இல் தென்னக்கோன் எதிர் சோமாவதி பெரேரா வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்த்தது.

இப்போது முள்ளிவாய்க்காலில் 2009 மே மாதம் கணவனைக் கையால் ஒப்படைத்த ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவர் எதைச் சொல்லி மாவட்ட நீதிமன்றம் போவார்? வன்மத்துடன் கைவிடுதல் என்றால், விட்டுப் போனது மட்டும் போதாது. திரும்பி வருவதில்லை என்ற எண்ணமும் இருந்திருக்க வேண்டும். கொண்டுசெல்லப்பட்டவனுக்கு அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? அப்படியொரு வழக்குப் போட்டால், யாரைத் தேடி வீதியோரம் படத்துடன் இருந்தாரோ அவர் மீதே அவர் பழி சுமத்த வேண்டும்.

மற்ற வழி மரணச் சான்றிதழ். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் அதை எளிதாக்கியது. மறுமணத்துக்குத் தடை நீங்கும், உண்மைதான். ஆனால் கணவன் இறந்துவிட்டான் என்று கையெழுத்து வைப்பவரும் அவரேதான். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மாரும் மனைவிமாரும் மறுத்து வருவது இதைத்தானே.

2016இல் வந்த காணப்படாமைச் சான்றிதழ் இந்த இடைவெளியை நிரப்பும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். காணியைப் பார்க்கவும் உதவிப் பணம் பெறவும் பிள்ளைகளின் அலுவல்களுக்கும் அது உதவும். திருமணத்தை முடித்து வைக்காது. முன்னைய திருமணம் சட்டப்படி முடியாதிருக்க அடுத்ததைப் பதிந்தால் அது செல்லாது. அதனால் பதியாமலே சேர்ந்து வாழ்ந்தால், நாளை காணி, ஓய்வூதியம் என்று வரும்போது அந்தப் பெண்ணுக்குச் சட்டத்தில் மனைவி என்ற இடமில்லை. ஊர் வாய் தனி.

காணப்படாமைச் சான்றிதழ் வைத்திருப்பவர் விரும்பினால், கணவனைக் குற்றவாளி என்றோ இறந்தவர் என்றோ சொல்லாமல் விவாகரத்துக் கேட்கலாம் என்று 19ஆவது பிரிவில் ஒரு வரியைச் சேர்க்கலாம். அது மற்றவர்களின் தேடலையோ, அவருடைய தேடலையோ நிறுத்தாது.