பலெர்மோவுக்குப் போன தபால்

இந்த வாரம் வந்த ஒரு கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. எழுதிய தந்தையின் மேல் அல்ல, அவரைக் குழப்பிவிட்ட சொந்தக்காரர்கள் மேல். மகளுக்கு பி.எஸ்சி. நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜி படிக்க ஆசை. வேலூர் சி.எம்.சி.யிலும் மணிப்பாலிலும் இருக்கிற படிப்பு அது. "எம்.பி.பி.எஸ். கிடைக்காதவங்க போற இடம்" என்கிறார் ஒருவர். "கதிர்வீச்சுலயே கிடந்தா நாளைக்குக் குழந்தை பிறக்காது" என்கிறார் இன்னொருவர்.

பயத்துக்குப் பதில் சுலபம். இந்த வேலையில் இருப்பவர்கள் நெஞ்சில் டி.எல்.டி. பேட்ஜ் அணிகிறார்கள், உடல் வாங்கிய கதிர்வீச்சு கணக்கில் ஏறிவிடும். ஐந்தாண்டுச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. கர்ப்பிணிகளுக்கு வரம்பு இன்னும் கடுமை.

அந்த முதல் ஏச்சுக்குத்தான் பதில் நீளம்.  அதை, இந்தத் துறையின் ஸ்கேன்களில் பயன்படும், எனக்குப் பிரியமான டெக்னீசியம் என்ற தனிமத்தின் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

தனிம அட்டவணையில் 43ஆம் கட்டம் வெகுகாலம் காலியாகவே கிடந்தது. 1937இல் கலிபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து இயற்பியலாளர் எர்னஸ்ட் லாரன்ஸ், சிசிலித் தீவின் பலெர்மோவில் இருந்த இயற்பியலாளர் எமிலியோ செக்ரேவுக்குத் தபாலில் ஒரு மாலிப்டினத் தகடு அனுப்பினார். சைக்ளோட்ரான் என்ற முடுக்கியில் துகள்களின் அடி வாங்கிய பழைய பாகம். வேறொருவர் கையில் அது குப்பைக்குப் போயிருக்கும். செக்ரேவும் கார்லோ பெரியரும் அதைக் கரைத்துப் பிரித்து, அந்தக் கட்டத்துக்குரிய டெக்னீசியத்தைக் கண்டுபிடித்தார்கள். மறுவருடம் முசோலினியின் இனச் சட்டங்கள் யூதரான செக்ரேவின் வேலையைப் பறித்தன. அப்போது பெர்க்லிக்கு வந்திருந்தவர் ஊர் திரும்பவில்லை. அங்கேயே கிளென் சீபோர்க்குடன் சேர்ந்து, இன்று ஸ்கேன்களில் பயன்படும் டெக்னீசியம்-99எம் என்ற வடிவத்தைக் கண்டறிந்தார்.

மருத்துவம் அதைத் தொட இருபது வருடம் போல ஆயிற்று. 1950களின் கடைசியில் நியூயார்க்கின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் வால்டர் டக்கரும் மார்கரெட் கிரீனும் அதைத் தரும் ஜெனரேட்டரை உருவாக்கினார்கள். ஈயக் கவசத்துக்குள், சிதைந்து டெக்னீசியமாக மாறுகிற மாலிப்டினம்-99 இருக்கும். உப்புநீரைச் செலுத்தினால் டெக்னீசியம் மட்டும் வெளியே வரும். துறைக்காரர்கள் இதைப் பால் கறப்பது என்றே சொல்கிறார்கள். மாலிப்டினம் 66 மணி நேரத்தில் பாதியாகிறது, அதனால் ஒரு வாரம்போலக் கறக்கலாம். கறந்ததோ 6 மணி நேரத்தில் பாதி. மறுநாள் அதே நேரத்துக்குப் பதினாறில் ஒரு பங்கு. இருப்பு வைக்கவே முடியாத மருந்து. மாலிப்டினம்-99 தந்துவந்த கனடாவின் சாக் ரிவர் அணு உலை 2009இல் நின்றபோது பல நாடுகளில் ஸ்கேன்கள் தள்ளிப்போயின.

விடிகாலையில் கறந்து, அளந்து, எலும்புக்கு ஒரு கிட், சிறுநீரகத்துக்கு ஒரு கிட் என்று கலந்து, ஊசி போடும் நேரத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டு வைப்பவர் இந்தப் படிப்பைப் படித்தவர்தான். இயற்பியல், வேதியியல், உடற்கூறு மூன்றையும் ஒரே காலைப்பொழுதில் கேட்கிற வேலை. இதை இரண்டாம் தரம் என்பவர்கள் ஒருநாள் அந்த அறைக்குள் நின்று பார்க்க வேண்டும்.

சேர நினைக்கிற பிள்ளைகள் கல்லூரியில் இரண்டு கேள்விகள் கேளுங்கள். காமா கேமராவும் பெட் ஸ்கேனும் உங்கள் மருத்துவமனையிலேயே இருக்கின்றனவா? படித்து முடித்தால் வாரியம் டெக்னாலஜிஸ்ட்டுக்கு வகுத்திருக்கும் தகுதி கிடைக்குமா? இரண்டுக்கும் 'ஆம்' என்று எழுத்தில் தந்தால் தயங்காமல் சேருங்கள்.