வெடி வெடிக்காத ஊருக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் போதுமா?

ஒவ்வொரு தீபாவளிக்கும் தவறாம ஒரு செய்தி வந்துடும், கவனிச்சிருப்பீங்க. சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் பக்கத்துல கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டின்னு ஊர்கள். கண்மாய்க்கு வந்திருக்கிற பறவைங்க மிரண்டு ஓடிடக் கூடாதுன்னு ஊர்க்காரங்க பல வருஷமா பட்டாசு வெடிக்கிறதில்லை. வனத்துறையிலேருந்து வந்து இனிப்பு கொடுத்துட்டுப் போவாங்க. டிவியில ரெண்டு நிமிஷம் காட்டுவாங்க. நாமளும் "ஆஹா, என்ன மனசு!"ன்னு நாலு பேருக்கு அனுப்பிட்டு, நம்ம வாசல்ல சரவெடியைப் பத்த வைப்போம். (நானும்தான், ஒத்துக்கறேன்.)

போன வருஷம் காரைக்குடி பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனப்ப, அப்படியே அந்தக் கண்மாயை எட்டிப் பார்த்தேன். கருவேல மரம் பூரா நத்தை குத்தி நாரை. மரத்துல பூ பூத்த மாதிரி வெள்ளையா உட்கார்ந்திருக்கு. ஒரே சத்தம், நாத்தம் வேற. கரையில ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த பெரியவர்கிட்ட, "உங்க ஊரு ரொம்பப் பெரிய மனசு ஐயா"ன்னு ஆரம்பிச்சேன். அவர் சிரிச்சுட்டார்.

"அட போங்க தம்பி. நாங்க வெடி போடலங்கிறதுக்காகவா வருது? கண்மாயில தண்ணி கெடந்தாத்தேன் வரும். தண்ணிக்கு என்ன வழின்னு யாரும் கேக்க மாட்டேங்கிறாக."

பொளேர்னு அறைஞ்ச மாதிரி இருந்தது. நாம கொண்டாடுறது ஊர்க்காரங்களோட தியாகத்தை. அவங்க கேட்கிறது வரத்துக்கால்வாயை!

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கிராமத்துக்காரங்க பறவையைக் காப்பாத்தினது வெறும் இரக்கத்தால மட்டும் இல்லை. வேடந்தாங்கலை எடுத்துக்குங்க. ஏரியில விழற பறவை எச்சம் தண்ணியில கலந்து வயலுக்குப் பாயும். அதுவே உரம். அதனாலதான் பறவைகளைச் சுடுறாங்கன்னு அந்த ஊர்க்காரங்க முறையிட்டு, 1798-லயே கலெக்டர் லயோனல் பிளேஸ்கிட்ட தடை உத்தரவு வாங்கினாங்க. வனவிலங்குச் சட்டம் வந்தது 1972-ல. அதாவது சட்டத்துக்கு 174 வருஷம் முன்னாடி! பாசமும் இருந்தது, பலனும் இருந்தது. கண்மாய் தண்ணி, வயல், பறவை, மூணும் ஒரே கணக்கு.

இப்ப அந்தக் கணக்கு உடைஞ்சுக்கிட்டிருக்கு. யூரியா மூட்டை வந்தப்புறம் பறவை எச்சத்துக்கு மதிப்பு குறைஞ்சு போச்சு. வரத்துக்கால்வாய் தூர்ந்து, சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தா கண்மாய்க்குத் தண்ணி எப்படி வரும்? முன்னாடி குடிமராமத்துன்னு ஊரே மண்வெட்டியோட இறங்கும். வேட்டங்குடி 1977-ல சரணாலயம் ஆச்சு. சரணாலயத்துக்குள்ள தூர் வாரணும்னா அனுமதி வாங்கணும். கட்டுப்பாடே வேணாம்னு நான் சொல்லலை. கண்டபடி பொக்லைன் விட்டா கூடு கட்டுற மரமும் சேர்ந்து போயிடும். ஆனா எந்த மரத்துல கூடு இருக்கு, எந்த மாசம் கண்மாய்ல கை வைக்கலாம்ங்கிறது அந்த ஆடு மேய்க்கிற பெரியவருக்கு அத்துப்படி. அவரைக் கூப்பிட்டு உட்கார வச்சுக் கேட்டா என்ன குறைஞ்சிடும்?

போர்டு வச்சா மட்டும் போதும்னு நினைக்கிறவங்க அரிட்டாபட்டியைப் பாருங்க. மேலூர் பக்கம்தான். 2022-ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்னு அறிவிச்சாங்க. 2024 நவம்பர்ல அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிஞ்ச செய்தி வந்தது. அதைத் தடுத்தது அந்த அறிவிப்பு இல்லை. சுத்துப்பட்டு ஜனம் மதுரை வரைக்கும் திரண்டு வந்து நின்னதாலதான் 2025 ஜனவரியில ஏலம் ரத்தாச்சு. ஏன் வந்தாங்க? அவங்க மலை, அவங்க கண்மாய், அவங்க சாமி. ஊர்க்காரன் "இது என்னோடது"ன்னு நினைக்கிற வரைக்கும்தான் எந்தச் சரணாலயமும் பிழைக்கும்.

அதனால என் கட்சி இதுதான். தீபாவளிக்கு ஸ்வீட் கொடுங்க, வேணாங்கலை. கூடவே ஐப்பசி மழைக்கு முன்னாடி வரத்துக்கால்வாயைச் சுத்தம் பண்ணிக் கொடுங்க. அந்த வேலையை அந்த ஊர் ஆளுங்களுக்கே கூலியோட கொடுங்க. கண்மாய் சம்பந்தமா எந்த முடிவு எடுத்தாலும் கிராம சபையில வச்சுப் பேசுங்க. அந்த ஊர்ப் பிள்ளைங்க பட்டாசு இல்லாத தீபாவளியைக் கொடுத்திருக்காங்க. பதிலுக்கு ஒரு கண்மாய்த் தண்ணி கேட்கிறது ரொம்ப அதிகமா?

உங்க ஊர்ப் பக்கமும் இப்படி ஒரு கண்மாயோ கோயில்காடோ இருக்கும். அதை யார் பார்த்துக்கறாங்க, அவங்களுக்கு என்ன தேவைன்னு விசாரிச்சு எழுதுங்களேன்.

டிஸ்கி: இந்த வருஷம் எங்க வீட்ல சரவெடி கிடையாதுன்னு சொல்லிட்டேன். பையன் ரெண்டு நாளா பேசலை. நாரையைக் காட்டக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி சமாதானம் பண்ணியிருக்கேன். மழை பெய்யணும் :-)