அனுமானத்தில் எரியும் அக்னி

மலையிலே புகையைக் கண்டு அங்கே நெருப்புண்டென்று அனுமானிப்பது தர்க்க சாஸ்திரம் பயில்வோர்க்கு முதற்பாடம். ஒலியினும் விரைந்தோடும் காற்றுப் பிரவாகத்திலேயே எரிபொருளைத் தகனம் செய்யும் ஸ்க்ராம்ஜெட் எஞ்சினை ஆராய்வோர்க்கோ, புகையும் நெருப்பும் மலையுமே கணினிக்குள் அனுமானங்கள்தாம். பிரத்தியட்சம் அவ்வளவு அரிது: 2004 நவம்பரில் ஒலியைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு வேகத்தில் பறந்த நாஸாவின் எக்ஸ்-43ஏ விமானத்தில் எஞ்சின் எரிந்தது சுமார் 10 விநாடி, 2016 ஆகஸ்ட் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இஸ்ரோ நடத்திய சோதனையில் 5 விநாடி. தரையிலே சோதிக்கலாமே என்றால், காற்றை அத்தனை உஷ்ணமாக்கப் பெரும்பாலும் அதற்குள்ளேயே எதையாவது எரிக்க வேண்டியிருப்பதால், எஞ்சினுக்குள் நுழைவது நீராவி கலந்த வேறொரு காற்றாகிவிடுகிறது.

ஆகவே கணிதத்தைச் சரணடைகிறோம். ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரமே உள்ளே தங்கும் காற்றில், அதிர்ச்சி அலைகளுக்கும் கொந்தளிக்கும் சுழல்களுக்கும் நடுவே ஹைட்ரஜன் கலந்து, பற்றி, எரிந்து தீர்வதை முழு எஞ்சின் அளவில் சுழல் சுழலாகக் கணக்கிட மகாகணினிகளுக்கும் சக்தி போதாமையால், சராசரியை நாடுகிறோம்; வினையின் வேகமோ உஷ்ணம் சற்றே ஏறினாலும் பன்மடங்காகத் தாவுவது. பாதி நேரம் 800 கெல்வினும் பாதி நேரம் 2000 கெல்வினுமாக இருக்கும் இடத்தை 1400 என்று எழுதி வினையைக் கணக்கிடுவது, பாதிப் பானை குழைந்து பாதிப் பானை அரிசியாய்க் கிடக்கையில் சோறு பதமென்று இறக்கிவைப்பதற்கு ஒப்பாகும்.

இதனினும் என்னை உறுத்துவது, கொந்தளிப்பு ஷ்மிட் எண் என்று கணக்கில் புகுத்தப்படும் ஒரு சிறு எண். எரிபொருள் எவ்வளவு விரைவாகக் காற்றிலே பரவும் என்பதை நிர்ணயிக்கும் அதற்கு இயற்கை வகுத்த நிலையான மதிப்பு கிடையாது, 0.2 முதல் 1-க்கு மேல் வரை ஆய்வாளர்கள் கையாண்டிருக்கிறார்கள். அதைச் சற்று உயர்த்தினால் கணினியில் சுடர் அணைகிறது. தாழ்த்தினாலோ வெப்பம் மிகுந்து, அதிர்ச்சி அலைகள் எஞ்சினின் வாய்க்கு வெளியே தள்ளப்பட்டு இயக்கமே குலைகிறது. சுவரிலே அளந்த அழுத்தத்தோடு கோடு பொருந்தும் வரை அவ்வெண்ணைத் திருகிவிட்டு, வர்ணச் சித்திரத்தோடு வெற்றியை அறிவிப்பது சோதிடர் நடந்ததைக் கேட்டறிந்து ஜாதகம் எழுதுவது போன்றது. கலத்தலில் நேர்ந்த பிழையும் எரிதலில் நேர்ந்த பிழையும் ஒன்றையொன்று ஈடுசெய்தாலும் அதே கோடு பொருந்துமே! எண்ணை மாற்ற மாற்ற விடை எங்கெங்கே ஓடுகிறது என்பதையும் சேர்த்து வெளியிடாத கணக்கைக் கணக்காக ஏற்கலாகாது.

அளவீட்டுக்குச் செலவிடாமல் கணினிக்கே செலவிடும் போக்கும் சரியன்று. 1973-இல் நாஸாவுக்காகப் பரோஸ், குர்க்கோவ் என்னும் இருவர் வெளியிட்ட சோதனை அளவுகளையே இந்நூற்றாண்டின் கணக்குகளும் உரைகல்லாகக் கொண்டிருக்கின்றன. அந்தச் சோதனைக் காற்றும் நீராவி கலந்ததே.