கூலியில்லா வேலைக்கும் வசதி வேணும்

எங்க தாத்தா ஊருக்கு வெட்டி வேலை பார்த்தவர். சாவு சொல்லப் போகணும், செத்த மாட்டைத் தூக்கணும், அதிகாரி வந்தா மூட்டை சுமக்கணும். கூலின்னு வாய் திறந்து கேட்க முடியாது. ‘வெட்டி’ என்ற சொல் சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது. கூலி தராமல் வாங்கும் கட்டாய உழைப்பு என்று அதற்குப் பொருள். அந்தத் தாத்தாவின் பேரன் நான், இன்றைக்குக் கூலியில்லாத ஒரு வேலையைத் தேடி அலையுறேன். கிடைக்கல.

சமூகப்பணி முதுகலையில் இரண்டாம் வருசம் படிக்கிறேன். ஜெனீவாவில் உள்ள ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தில் பயிற்சி மாணவனாகச் சேரணும் என்பது என் ஆசை. ஏன் ஜெனீவா? 2001இல் டர்பனில் நடந்த இனவெறி எதிர்ப்பு உலக மாநாட்டுக்கு நம்ம ஆட்கள் போய், சாதியையும் சேர்த்துப் பேசுங்கன்னு குரல் கொடுத்தாங்க. இந்திய அரசு குறுக்கே நின்றது. ஆனால் அடுத்த வருசமே, 2002இல், இனப்பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு தன் 29ஆம் பொதுப் பரிந்துரையில், பிறப்புவழிப் பாகுபாட்டில் சாதியும் அடக்கம் என்று எழுதி வைத்தது. அந்தக் குழு கூடுற ஊர் ஜெனீவா. சேரி எரிஞ்ச கதையெல்லாம் காகிதமாகிப் போய்ச் சேருற இடம். அந்தக் காகிதத்தைப் பிரித்துப் படிக்கிற மேசையில் சேரியில் பிறந்தவன் ஒருத்தன் உட்கார்ந்தா என்ன?

விதிமுறையைப் படித்தேன். இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை பயிற்சி. சம்பளம் கிடையாது. விமானம், விசா, தங்குமிடம், காப்பீடு எல்லாம் நம்ம தலையில். அங்கே ஒரு மாச அறை வாடகை, நடவுக்கும் களையெடுப்புக்கும் போற எங்க அம்மா வருசம் பூரா சம்பாதிக்கிறதைத் தாண்டுது. 2015இல் நியூசிலாந்து இளைஞர் ஒருத்தர் அதே ஊரில் ஐ.நா. பயிற்சிக்கு வந்து, ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கினார். உலகம் பூராவும் செய்தியாச்சு. நம்ம புள்ள அப்படிப் படுத்திருந்தா செய்தியாளர் வருவாரா, போலீஸ் வருமா?

விண்ணப்பத்தில் ‘முன் அனுபவம்’ என்று ஒரு கட்டம் இருக்கு. உண்மை அறியும் குழுவோடு நாலு ஊருக்குப் போயிருக்கேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிய மறுத்த காவல் நிலைய வாசலில் விடிய விடிய உட்கார்ந்திருக்கேன். இதை எந்த நிறுவனத்தின் பேரில் அந்தக் கட்டத்தில் எழுதுறது? சிபாரிசுக் கடிதம் கேட்டபோது பேராசிரியர் ஒருத்தர், “உனக்கெதுக்குப்பா இதெல்லாம்? சீக்கிரம் ஒரு வேலைக்குப் போற வழியைப் பாரு” என்றார். அக்கறையாத்தான் சொன்னார். அந்த அக்கறைதான் தலைமுறை தலைமுறையா நம்மைப் பக்கத்து ஊரோடு நிறுத்தி வைக்குது.

அன்றைக்குக் கூலியில்லாமல் உழைச்சே ஆகணும் என்பது கட்டாயம். இன்றைக்குக் கூலியில்லாமல் உழைக்கிறது சலுகை. அப்பன் காசில் ஆறு மாசம் சும்மா உழைக்க முடிந்தவனுக்கு அது ‘சர்வதேச அனுபவம்’. நாளைக்கு அதைக் காட்டி அவன் மனித உரிமை நிபுணன் ஆகிடுவான். நம்மைப் பற்றி அறிக்கை எழுதுவான். நாம அவனுக்குத் தகவல் சொல்ற ஆளாகவே இருப்போம். இதுக்குப் பேர் தகுதியா?

தோழர்கள் சிலர், “வெளிநாட்டு மோகம் எதுக்கு, சேரியில் வேலை செய்”னு கோபப்படுறாங்க. சேரியில்தான் தோழரே இருக்கேன். 1913இல் அம்பேத்கர் கொலம்பியாவுக்குப் போனது மோகமா? அன்றைக்கு அவர் அறிவோடு பரோடா மன்னர் கொடுத்த மாதம் பதினொன்றரைப் பவுண்டும் சேர்ந்துதான் கடல் தாண்டியது. காசில்லாமல் அறிவு மட்டும் கப்பலேற முடியாது.

1954-55இல் தொடங்கிய மத்திய அரசின் அயல்நாட்டு உதவித்தொகை முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும்தான், பயிற்சிக்கு இல்லை. அதிலும் 2022இல் வந்த விதி, இந்தியச் சமூகத்தையும் வரலாற்றையும் பண்பாட்டையும் ஆராயப் போகிறவர்களுக்குக் கதவைச் சாத்தியது. சாதியை வெளியே போய்ப் பேசாதே என்பதுதானே இதற்கு அர்த்தம்?

முடியாத காரியத்தை நான் கேட்கல. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் பயிற்சி மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்தது. மனித உரிமை பேசுற அலுவலகம் முதலில் தன் வாசலில் கூலி கொடுக்கட்டும். அதுவரைக்கும் ஆதிதிராவிடர் நலத்துறை இந்தப் பயிற்சிக்கும் உதவட்டும். நம்ம காயத்தைக் காட்டி வெளிநாட்டு நிதி வாங்குற தொண்டு நிறுவனங்கள், வருசத்துக்கு ஒரு சேரிப் புள்ளையையாவது அனுப்பட்டும்.

விண்ணப்பத்தை அனுப்பிட்டேன். “சம்பளம் எவ்வளவுடா?”ன்னு அம்மா கேட்டுச்சு. இல்லைன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, “உங்க தாத்தாவோட அது ஒழிஞ்சுதுன்னு நெனச்சேனே”ன்னுச்சு.